நாணல்திட்டுக்கு ஏழு சைக்கிள்

பீங்கான் பொம்மைக்குக் கண் வரைவது என் தொழில். விருத்தாசலத்தில் ஒரு கம்பெனியில், வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு முந்நூறு பொம்மைக்கு வரைகிறேன். பிள்ளையாருக்குச் சின்னக் கண், கிருஷ்ணனுக்கு ஓரப் பார்வை, நாய்க்குட்டிக்கு உருண்டைக் கண். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வழிகாட்டி. பொம்மை வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள் "பக்கத்துல கிராமம் எதனா பாக்கலாமாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் நானும் என் கணவர் பாரியும் ஏழு சைக்கிள் வாங்கினோம். முன்னால் நான் மிதிப்பேன். பின்னால் ஆறு பேர் வருவார்கள். அவர்களுக்கும் பின்னால், கால் வலிக்கிறவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ள, பாரி மினி லாரியில் உருட்டிக்கொண்டு வருவார்.

ஒரு வருஷமாக இது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஆத்துக்கு நடுவுல பச்சையா ஒண்ணு தெரியுதே, அது என்னா ஊரு?"

"அங்க ஒண்ணுமில்லீங்க, வெறும் கருவேலங்காடு" என்பேன்.

அது பச்சைப் பொய். அதுதான் நாணல்திட்டு, நான் பிறந்த ஊர். பெண்ணாடம் போகும் வழியில் வெள்ளாறு இரண்டாகப் பிரிந்து, ஒரு ஊரைக் கட்டிப்பிடித்துவிட்டு, மறுபடி ஒன்றாகச் சேர்கிறது. உள்ளே நூற்றிருபது வீடு. வெளியே வர ஒரே ஒரு தரைப்பாலம். அந்த ஊரில் என் அக்கா பானுமதி இருக்கிறாள். அவளும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அக்கா மகள் கனிமொழிக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. பந்தல் வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் படம் இருந்தது. டிராக்டர் ஓட்டுகிற பக்கிரி படம்கூட இருந்தது, அதுவும் கூலிங் கிளாஸோடு. சொந்தச் சித்தி, என் படம் மட்டும் இல்லை. "பிளெக்ஸ்காரன் உட்டுட்டான், நான் என்னா பண்ணட்டும்?" என்றாள் அக்கா. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மூக்கு நுனியில் கோபம். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, இனிப்பு வைத்த பிறகு எழுந்து வந்துவிட்டேன். போட்ட இலையில் இருந்து எழுந்து போவது எங்கள் பக்கத்தில் செருப்பால் அடித்ததற்குச் சமம். பஸ் ஏறியதும் முதல் வேலையாக 'நாணல்திட்டு சொந்தங்கள்' வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தும் வெளியேறினேன்.

"எழுந்து போனவ அவளா வந்து பசிக்குதுன்னு சொல்லட்டும், அப்பறம் சோறு போடறேன்" என்று அக்கா சொன்னதாகக் காதுக்கு வந்தது. "அவ வாயால வான்னு கூப்புடட்டும், அப்பறம் வாசப்படி மிதிக்கிறேன்" என்று நானும் சொல்லி அனுப்பினேன். அம்மாவும் அப்பாவும் இல்லை. எனக்குத் தாய் வீடு என்றால் அக்கா வீடுதான். இரண்டு பேரும் சேர்ந்து அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டு, சாவி உன்னிடம்தான் இருக்கிறது என்று ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

இந்த ஆடியில் கொளஞ்சிநாதன் சார் போன் செய்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் விருத்தாசலம், குடியிருப்பு சென்னை. "ஆத்து நடுவுல இருக்குற ஊரப் பாக்கணும்மா. அங்கதான் வரணும்னு ஆறு பேரு சேந்துட்டோம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். பாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தொழில்னா எல்லா ஊருக்கும்தான் போவணும்" என்று அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தனியாகப் போனால் தோற்றுப்போய் வந்த மாதிரி ஆகிவிடும். தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில், பின்னால் ஆறு பேர் என்று போனால், வந்தது வழிகாட்டிதானே, மதிவதனி இல்லையே? அவள் தெரு வழியாகப் போகலாம். வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு வந்துவிடலாம். அடுத்த வாரம்தான் ஊரில் திருவிழாக் காப்பு, இந்த வாரம் போனால் கூட்டம் இருக்காது என்றும் கணக்குப் போட்டேன்.

காலை ஆறரைக்கு ஜங்ஷன் வாசலில் இருந்து கிளம்பினோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்கள் சைக்கிள் எம்மாத்திரம்? போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. மிதிக்காமலே கரும்புக் காடுகளைத் தாண்டினோம். புதுச்சேரியில் இருந்து வந்த வெண்பா என்ற பெண் ஒரு கையால் சைக்கிள் ஓட்டி, மறு கையால் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு முறை வாய்க்காலுக்குள் போகப் பார்த்தாள். கொளஞ்சிநாதன் சார் எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கை காட்டினார். டிரைவர்களும் ஆரன் அடித்தார்கள்.

தரைப்பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீர், நாணல் முழுக்கக் காற்று. மினி லாரி பாலத்தில் நுழையாது என்பதால் பாரி இக்கரையில் புளிய மரத்தடியில் நிறுத்திக்கொண்டார். "ஒம்பதே முக்காலுக்குள்ள வந்துடு" என்றார். வழக்கமாக அவர் இப்படி நேரம் சொல்ல மாட்டார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, என் கவனமெல்லாம் அக்கரையில் இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் நான் விசிலை ஊதி, வழிகாட்டிக் குரலில் ஆரம்பித்தேன். "இந்த ஊருல காரு கெடையாதுங்க. பாலம் அகலம் பத்தாது. அதனால ஆரன் சத்தமே இருக்காது. இந்தப் பக்கம் எல்லாம் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையத்தான் நாங்க மல்லாட்டைன்னு சொல்லுவோம்."

"நாங்கன்னா? நீங்க இந்த ஊரா?" என்று வெண்பா கேட்டாள்.

"பொதுவாச் சொன்னேன்."

ஊர் அமைதியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது. எல்லா வாசலும் கழுவிவிட்டிருந்தது. பாத்திரம் பண்டமெல்லாம் விளக்கி வெளியே கவிழ்த்திருந்தார்கள். தெருவுக்குக் குறுக்கே நிமிர்ந்து பார்த்தேன். வேப்பிலைத் தோரணம். காப்புக் கட்டுகிற நாளில்தான் இதைக் கட்டுவார்கள்.

அம்மன் கோயில் நிர்வாகம் பார்க்கும் விருத்தகிரி அண்ணன் மஞ்சள் வேட்டியில் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடடே, மதி! காப்புக்கு வந்துட்டியா? ஆளுங்கள வேற கூட்டியாந்திருக்கிற. ரொம்ப சந்தோஷம்மா."

"காப்பு அடுத்த ஞாயித்துக் கெழமதானண்ணே?"

"பம்பக்காரங்களுக்கு அடுத்த வாரம் வேற ஊருல புக்கிங்கு. அதான் ஒரு வாரம் முன்னாடி வெச்சிட்டம். பத்து மணிக்குக் காப்பு. குரூப்புல போட்டமே, பாக்கலியா?"

நான்தான் வீராப்பாகக் குரூப்பை விட்டு வெளியேறியவள் ஆயிற்றே!

காப்பு என்றால் என்ன என்று ஆறு பேருக்கும் விளக்க வேண்டியதாயிற்று. திருவிழாவுக்கு முதல் படி அது. மஞ்சள் துணியை வேப்பிலையோடு சேர்த்து அம்மன் கோயில் கம்பத்திலும் பூசாரி கையிலும் கட்டுவார்கள். கட்டிவிட்டால் ஊரில் கல்யாணம் கிடையாது. வீட்டில் எண்ணெய் காய்ச்சித் தாளிப்பது கிடையாது. முக்கியமாக, கட்டும்போது எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் எட்டாம் நாள் தேர் ஓடி முடிகிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதமில்லை. ஒருமுறை கேஸ் சிலிண்டர் போட வந்தவர் மாட்டிக்கொண்டு, எட்டு நாளும் பந்தலில் படுத்திருந்து, மூன்று கிலோ ஏறிப் போனார். யாரும் கட்டிப்போட மாட்டார்கள். ஆனால் மீறிப் போகிற தைரியம் ஒருத்தருக்கும் வந்ததில்லை. எனக்கும் இல்லை.

"எட்டு நாளா? சூப்பர்! எனக்கு வீட்டுல இருந்துதான் வேலை. இங்க சிக்னல் நாலு கோடு காட்டுது" என்றாள் வெண்பா. மற்றவர்கள் முகத்தில் அவ்வளவு ஆனந்தம் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒருத்தருக்குப் பல் டாக்டர், இன்னொருத்தருக்கு நீதிமன்றம்.

பாரிக்குப் போன் போட்டேன். "இன்னிக்குக் காப்பாம்! நீங்க குரூப்புல இருக்கீங்கதான? ஏன் சொல்லல?"

"அந்த ஊரு பேச்ச எடுத்தா மூணு நாளு சாப்பிட மாட்டேன்னு நீதான சத்தியம் பண்ணின?" என்றார் நிதானமாக. "அதான் ஒம்பதே முக்கால்னு மட்டும் சொன்னேன்."

இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மணி ஒன்பது இருபத்தைந்து. கோயிலில் பம்பை மேளம் ஆரம்பித்துவிட்டது, முதலில் மெதுவாக. விசில் ஊதித் தலையை எண்ணினேன். ஐந்து பேர். மறுபடி எண்ணினேன். ஐந்து பேர்தான். கொளஞ்சிநாதன் சாரைக் காணோம்.

வெண்பாவை முன்னால் போகச் சொல்லி ஐந்து பேரையும் பாலத்துக்கு விரட்டிவிட்டுத் தெருத் தெருவாகத் தேடினேன். அவருக்குக் கொடுத்த நீலச் சைக்கிள் ஒரு வேலிப் படலில் சாத்தியிருந்தது. அந்தப் படலை நான் பிறந்ததில் இருந்து பார்க்கிறேன். அக்கா வீடு.

சார் உள்ளே, வாசலையொட்டிய கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் நான்கு இட்லி, மல்லாட்டைச் சட்னி. பக்கத்தில் கரண்டியோடு அக்கா. கொஞ்சம் இளைத்திருந்தாள். காதோரம் நரை விழுந்திருந்தது. படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சைக்கிள் மணியை அடித்தேன்.

"வாங்க மேடம்!" என்றார் சார், ஏதோ தன் வீடு போல. "தண்ணி கேட்டேன். இந்தம்மா சாப்பிட்டாதான் தண்ணின்னுட்டாங்க. சட்னி பிரமாதம்."

"சார், உடனே கெளம்புங்க. பத்து மணிக்குள்ள பாலத்தத் தாண்டணும்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் ஜாடை பேசுவதற்கு எப்போதும் ஒரு கோழி தயாராக இருக்கும். "ஏ கோழி, சாப்புடறவங்கள பாதியில எழுப்பறது சில பேருக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சி பாரு" என்றாள்.

நான் சைக்கிள் ஹேண்டில் பாரைப் பார்த்துச் சொன்னேன். "சில பேரு ஊருக்கெல்லாம் போட்டோ போடுவாங்க, கூடப் பொறந்தவளுக்குப் போட மாட்டாங்க."

"ஏ கோழி, மறு நாளே அந்தக் கடைக்குப் போயி அவன நாலு கேள்வி கேட்டது எவளாம்? வேற பிளெக்ஸு அடிச்சிக் குடுத்தான். யாரு பாக்க வந்தா?"

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. குரூப்பில் போட்டிருப்பார்கள்.

சார் இட்லியைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோழியையும் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி இருக்குதே" என்றார்.

பம்பை கொஞ்சம் வேகம் பிடித்தது. சார் எழப் போனார். அக்கா அவர் தட்டில் இன்னொரு இட்லியைப் போட்டாள். அதை முடித்தார். இன்னும் ஒன்று விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் தண்ணீர் கேட்டு வந்தாராம்! தெரு முனையில் ஏழு சைக்கிள் போனதைப் பார்த்துவிட்டு, அதில் கடைசி ஆளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். சார் வெறும் தூண்டில் புழு. அவள் பிடிக்க நினைத்த மீன் நான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வருஷமாக வீட்டுக்குள் உட்கார்ந்து அவளும் என்னை மாதிரியே சாக்குத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது என் கை தானாகச் சைக்கிளைப் படலில் சாத்தியது. ஆனாலும் நான் வழிகாட்டி. அவருக்கு மறு நாள் பேரன் பிறந்த நாள்.

"சார், நீங்க எழுந்திரிக்கலன்னா இன்னும் எட்டு நாளைக்கு இதே இட்லிதான். அதுவும் தாளிக்காத சட்னியோட."

இந்த ஒரு வாக்கியம் வேலை செய்தது. சார் கை கழுவிக்கொண்டு அக்காவுக்குக் கும்பிடு போட்டார். தெரு முனை வரைக்கும் அவரோடு ஓடி, "நேராப் போங்க, வேப்பமரத்துக்கிட்ட சோத்தாங்கை பக்கம், அப்பறம் பாலம்தான்" என்று வழி காட்டிவிட்டுத் திரும்பினேன். அறுபத்து மூன்று வயதில் அவர் அப்படி ஒரு மிதி மிதித்ததை இன்றும் மெச்சுகிறேன்.

படலுக்குத் திரும்பி வந்தால் என் சைக்கிள் ஒரு பக்கம் குந்தியிருந்தது. பின் டயரில் பொட்டுக் காற்று இல்லை. வால்வையே கழற்றியிருந்தது. அக்கா கூடத்து வாசலில் நின்று, ஒரு கையால் கோழிக்கு நொய் தூவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை இறுக்கி மூடியிருந்தது. நாற்பத்தொரு வயது, தோளுக்கு மேல் வளர்ந்த பெண் இருக்கிறாள், அடுத்தவர் சைக்கிளுக்குக் காற்றுப் பிடுங்குகிறாள்!

போன் அடித்தது. பாரி. "ஆறு பேரும் வந்துட்டாங்க. நீ எங்க?"

"சைக்கிள்ல காத்து போச்சி."

"மணி ஒம்பது அம்பது ஆவுது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நான் இவங்கள கூட்டிட்டுப் போவட்டுமா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த சிரிப்பு எனக்குக் கேட்காமல் இல்லை.

வழிகாட்டியின் முதுகுப் பையில் என்னவெல்லாம் இருக்கும் என்று சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் தெரியும். என் பையில் கைப் பம்பு இருந்தது. இரண்டு உபரி வால்வு இருந்தது. வால்வு மாட்டிக் காற்றடிக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும், பாலத்தைத் தாண்ட நான்கு நிமிஷம். நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகக்கூட நேரம் இருந்தது.

"கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

பிறகு டயரைக் காலால் ஓர் உதை விட்டு, "அய்யய்யோ, காத்து எறங்கிப் போச்சே! இப்ப எப்பிடிப் போவேன்?" என்று வேலிக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். வரைந்த பொம்மைக் கண்ணைவிடப் பொய்யாகத்தான் அது இருந்திருக்கும். அக்கா கோழிக்கு இன்னும் ஒரு பிடி நொய் போட்டாள்.

பம்பை வெறி பிடித்த மாதிரி முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். விருத்தகிரி அண்ணன் மைக்கில் "அம்மா தாயே!" என்று அலறினார். அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது. காப்புக் கட்டியாகிவிட்டது. இனி எட்டு நாள். கம்பெனியில் பொம்மைகள் கண்ணில்லாமல் வரிசையில் நிற்க வேண்டியதுதான். முதலாளி ஊரிலும் காப்பு உண்டு, மறுபேச்சுப் பேச மாட்டார்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் கூப்பிடுவாள் என்று நான் படலுக்கு வெளியே நின்றேன். நான் கேட்பேன் என்று அவள் உள்ளே நின்றாள். ஊரே அம்மனுக்குக் கட்டுப்பட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுக்கும் கட்டுப்பட மாட்டோம் போலிருந்தது. காற்றில் வேப்பிலைத் தோரணம் மட்டும் சலசலத்தது.

தோள் வலித்தது. பையைக் கழற்றிப் படலில் மாட்டப் போனேன். ஜிப்பைச் சரியாக மூடவில்லை போல. பம்பு நழுவி விழுந்து, உருண்டு, படலுக்கு அடியில் புகுந்து, அக்காவின் காலடியில் போய் நின்றது. பின்னாலேயே வால்வுப் பொட்டலமும் விழுந்தது.

அக்கா குனிந்து இரண்டையும் எடுத்தாள். கைப் பம்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். 'புஸ்' என்று காற்று வந்தது. நல்ல பம்புதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தாள். அவளுக்குப் புரிந்த நொடி எனக்கும் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

கோழி பக்கத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இத வெச்சிக்கிட்டாடி போவாம நின்ன?" என்று என்னிடம் கேட்டாள்.

பதிலுக்கு எவ்வளவோ தயார் செய்து வைத்திருந்தேன். மூன்று வருஷமாகக் குளிக்கும்போதும் பொம்மைக்குக் கண் வரையும்போதும் ஒத்திகை பார்த்த வசனங்கள்.

"பசிக்குதுக்கா" என்றேன்.

அக்கா மூடியிருந்த கையால் கண்ணைத் துடைத்தாள். "ஹெல்மெட்டக் கழட்டிட்டு கை கால கழுவு. இட்லி ஆறிப் போவுது" என்று சொல்லிவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

'வா' என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை. நான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.